கடற்கரைக்குப் போகும்போது எந்தப் புத்தகத்தைப் பையில் போடுவது?

போன மே மாதம் அக்கா குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தபோது எல்லோரும் சேர்ந்து புதுச்சேரியில் இரண்டு நாள் அறை எடுத்துத் தங்கினோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டையும் பக்கத்திலேயே தேவனாம்பட்டினம் கடற்கரையையும் வைத்துக்கொண்டு, இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் காசு கொடுத்துக் கடல் பார்ப்பானேன் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. அதை விடுங்கள். அந்தப் பயணத்துக்கு நான் எடுத்துப் போனது எழுநூறு பக்க மொழிபெயர்ப்பு நாவல். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் என்றோ கழிவில் வாங்கி அலமாரியில் நிறுத்தி வைத்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும், நான் வேறு பக்கம் பார்ப்பேன். இரண்டு நாள் சும்மாதானே இருக்கப்போகிறோம், முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதில் வருகிற ஒவ்வொருவருக்கும் மூன்று மூன்று பெயர், அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள், செல்லப் பெயரும் தனியாக உண்டு. முப்பத்தெட்டாம் பக்கத்தில் மாங்காய் பத்தை வாங்க எழுந்து போனேன். வந்து உட்கார்ந்தால் யார் யாருக்குத் தம்பி என்பதே போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து. அப்புறம் அலை காலை நனைத்தது, அப்புறம் போன் வந்தது, திரும்ப முதலிலிருந்து. பக்கத்தில் அக்கா மகள் ஒரு துப்பறியும் மாத நாவலை ஒரே மூச்சில் முடித்து மூடிவிட்டு, "மாமா, முடிஞ்சிடுச்சு, வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். என்னிடம் என்ன இருந்தது, எழுநூறு பக்கம் இருந்தது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கடற்கரையில் யாராலும் தொடர்ந்து படிக்க முடியாது. நினைத்துப் பாருங்கள்: சுண்டல்காரர் வருவார், பிள்ளைகள் செருப்பைத் தேடுவார்கள், யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள், வெயில் நகர்ந்து உங்கள் மேல் ஏறும், நீங்கள் விரிப்பை இழுத்துக்கொண்டு நிழலைத் துரத்துவீர்கள், இதெல்லாம் இல்லாவிட்டாலும் எதிரே கடல் இருக்கிறது, அது ஒன்று போதும் கவனத்தை எடுத்துப் போக. பத்து நிமிடம் படித்து இருபது நிமிடம் விடுவதுதான் அங்கே நடக்கும். அதனால் நல்ல புத்தகமா, பெரிய எழுத்தாளரா, பரிசு வாங்கியதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது, விட்டுவிட்டு வந்தால் விட்ட இடத்தில் பிடி கிடைக்கிறதா என்பதைத்தான்.

இதைக் கடையில் நின்றபடியே சோதித்துப் பார்த்துவிடலாம். முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள், முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் பாடுபட்டு எழுதியிருப்பார்கள். நடுவில் எங்காவது பிரித்து ஒரு பக்கம் படியுங்கள். யார் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், ஏதோ ஒன்று நடக்கப்போகிறதா, இந்த மூன்றும் ஒரு பக்கத்துக்குள் ஓரளவு பிடிபட்டால் அந்தப் புத்தகம் கடலைத் தாங்கும். கதை தெரியாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை போனால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடலாம். அடுத்து அத்தியாயத்தின் நீளம். ஏழெட்டுப் பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் முடிந்தால் நல்லது, நாற்பது பக்கம் மூச்சு விடாமல் ஒரே பத்தியாக ஓடுகிறது என்றால் அது மழைக்காலத்துக்கு, வீட்டுக்கு.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் பழைய நாவல்கள் பலவும் பத்திரிகையில் வாராவாரம் தொடராக வந்தவை. அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டுப் போவார்கள், அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் போன வாரம் என்ன நடந்தது என்பதை மறந்தவர்களுக்காக லேசாகத் தொட்டும் காட்டுவார்கள். சுண்டல் வாங்க எழுந்து போய்விட்டு வருகிறவனுக்கென்றே செய்தது மாதிரி! பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் அப்படி வந்ததுதான், ஐந்து பாகம். இதுவரை படிக்காதவர் யாராவது வீட்டில் இருந்தால் முதல் பாகத்தை மட்டும் கொண்டு போகச் சொல்லுங்கள். ஒரே ஆபத்து, நன்றாகப் பிடித்துப்போய் சனிக்கிழமை இரவே முதல் பாகம் முடிந்துவிட்டால், இரண்டாம் பாகம் வீட்டு அலமாரியில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், அவசரத்துக்குப் போனில் இறக்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யலாம்.

நாவலே வேண்டாம், சிறுகதைத் தொகுப்பு போதும் என்பது என் சொந்தக் கட்சி. ஒரு கதை, ஒரு முக்குளி, ஒரு டீ. இதில் கடலூர்க்காரனாக எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது எங்கள் மஞ்சக்குப்பத்தில். தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய ஆட்களும் ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் பிறந்திருக்கிறார்கள் என்று வெளியூர் ஆட்களிடம் சொல்லாமல் விட்டதே இல்லை. ஆனால் ஊர்ப் பாசத்தைத் தள்ளி வைத்துச் சொன்னால், புதுமைப்பித்தனை அப்படியே முழுத் தொகுப்பாகக் கடற்கரைக்குக் கொண்டு போகக் கூடாது. முதலில் அது செங்கல் கனம். இரண்டாவது, சில கதைகள் படித்ததும் அரை நாள் பேச்சு வராது. கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் மாதிரி, கடவுள் சென்னைக்கு வந்து ஒரு பிள்ளைவாள் வீட்டில் தங்குகிற கதை என்றால் சரி, பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே சிரிக்கலாம். அப்படி நான்கைந்து கதையை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு போங்கள், சின்னத் தொகுப்பாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜெயகாந்தன் கதைகளில் ஆட்கள் உட்கார்ந்து நிறையப் பேசுவார்கள், வாதம் செய்வார்கள். அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு படிக்க வேண்டியது, மணலில் வேண்டாம்.

கூட்டமாகப் போகிறீர்கள், ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள் என்றால் நாட்டுப்புறக் கதைகளை விட்டால் வேறு வழியில்லை. கி. ராஜநாராயணன் கரிசல்காட்டு இடைசெவல்காரர் என்றாலும் கடைசி வரை புதுச்சேரியில்தான் இருந்தார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளைப் பற்றிப் பாடம் எடுத்தார், 2021இல் அங்கேயே காலமானார். அவர் தொகுத்த கதைகளை வாய்விட்டுப் படித்தால் பக்கத்து விரிப்பில் இருப்பவர்களும் மெல்ல நகர்ந்து வந்து உட்காருவார்கள். ஒன்று மட்டும் கவனம். அவர் தொகுத்ததில் வயதுவந்தவர்களுக்கு மட்டும் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்ட புத்தகமும் இருக்கிறது. அட்டையைப் பார்க்காமல் பிரித்து, மாமனார் முன்னால் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டு, நடுவில் திடீரென்று இருமல் வந்தது போல் நடித்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அந்த இருமல் இன்னும் தொண்டையில் இருக்கிறது.

புதுச்சேரிக்கே போகிறோம், புதுச்சேரியைப் பற்றியே படிக்கலாமே என்று நினைக்கிறவர்களுக்கு அதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. காலையில் நடந்த வீதி மத்தியானம் பக்கத்தில் வரும். பிரபஞ்சன் புதுச்சேரி மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய வானம் வசப்படும், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் காலத்துப் புதுச்சேரியைச் சொல்கிற நாவல், 1995இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. விருது வாங்கிய சரித்திர நாவல் என்றதும் பயப்பட வேண்டாம், ஆட்கள் உயிரோடு நடமாடுவார்கள், வம்பு பேசுவார்கள், பணத்துக்கு அலைவார்கள். கொஞ்சம் பெரிய புத்தகம்தான், அதனால் மூன்று நாளாவது தங்கப்போகிறவர்களுக்கு. அந்த நாவலுக்குப் பின்னால் இருக்கிற மூலச் சரக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. துய்ப்ளெக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதி வைத்திருக்கிறார். முழுதாகப் படிக்கிற எண்ணத்தோடு தொடாதீர்கள், தொகுதி தொகுதியாகப் போகிறது, அந்தக் காலத்துப் பேச்சு நடை வேறு, முதல் சில பக்கம் தடுமாற வைக்கும். ஆனால் நாட்குறிப்பு என்பது எங்கே வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கிற சரக்கு, தேதி போட்டிருக்கும், அன்றைக்கு யார் வந்தார், என்ன விலை, கவர்னர் யார் மேல் கோபப்பட்டார், அவ்வளவுதான். விட்டுவிட்டு வந்தாலும் பிடி கிடைக்குமா என்ற சோதனையில் இதற்கு முழு மதிப்பெண். ஒரு தொகுதியை மட்டும் கொண்டு போய்ச் சும்மா அங்கங்கே மேயுங்கள். சாயங்காலம் பெரிய மார்க்கெட் பக்கம் போனால் அவர் வாழ்ந்த வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம்.

கடலூரிலேயே இருக்கிறவர்களுக்கும் அதே நாட்குறிப்பு பயன்படும். சில்வர் பீச் என்று இப்போது நாம் சொல்கிற தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் இங்கிலீஷ்காரர்களின் செயின்ட் டேவிட் கோட்டை. 1690இல் வாங்கினார்கள். 1746 முதல் துய்ப்ளெக்ஸ் அதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் படை அனுப்பியும் முடியவில்லை, 1758இல் தளபதி லாலி வந்துதான் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே இப்போது பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதற்குள் இவ்வளவு சண்டை. அந்தக் காலத்துப் புதுச்சேரிக்காரர் எழுதிய தேவனாம்பட்டணத்துச் சேதிகளைத் தேவனாம்பட்டினம் மணலிலேயே உட்கார்ந்து படிப்பது என்பது, பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பது போல.

கனமாக எதுவும் வேண்டாம், அரை மணி நேரத்துக்கு ஏதாவது போதும் என்றால் குயில் பாட்டு. பாரதி 1908 முதல் 1918 வரை பத்து வருடம் புதுச்சேரியில் இருந்தபோது எழுதியது, ஊருக்கு மேற்கே இருக்கிற ஒரு மாஞ்சோலையில் நடக்கிற கதை, கடலில் காலை வெயில் படுவதில்தான் தொடங்குகிறது. விடியற்காலையில் கரையில் உட்கார்ந்து படித்தால் ஒரே அமர்வில் முடியும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாகப் படித்து வெறுத்தவர்கள் கூட இன்னொரு தடவை முயற்சி செய்யலாம், இது காதல் கதை, அதிலும் கேலி நிறைந்த காதல் கதை.

பிரெஞ்சு ஊருக்குப் போய் பிரெஞ்சுக் கதை படிக்க ஆசைப்பட்டால் குட்டி இளவரசன் இருக்கிறது, வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மெல்லிய புத்தகம், பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டலாம். ஆல்பெர் காம்யுவின் அந்நியனும் மெலிதுதான், ஆனால் அதில் கதாநாயகன் நடு வெயிலில் கடற்கரையில் ஒருவனைச் சுட்டுவிட்டு வெயில்தான் காரணம் என்கிறான். மே மாத மத்தியானத்தில் அதைப் படித்தால் அவன் சொல்வதில் நியாயம் இருப்பது போலவே தோன்றும், அதனால் சாயங்காலம் படியுங்கள்.

சரி, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது இவ்வளவு. இனி புத்தகத்தின் உடம்பு. இதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை, கடற்கரையில் பாதிப் புத்தகங்கள் படிக்கப்படாமல் திரும்பி வருவது இதனால்தான்.

நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் சூரியன் நேரே முகத்தில், புத்தகத்தின் பக்கம் நிழலில், கண் கூசும். பிற்பகலில் கடலைப் பார்த்தால் சூரியன் முதுகில், வெயில் நேராகப் பக்கத்தில் விழும், பளீரென்று வெள்ளைத் தாளாக இருந்தால் எழுத்தே தெரியாமல் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். இப்போது நிறையப் பதிப்பகங்கள் லேசான மஞ்சள் கலந்த தாளில் அச்சிடுகிறார்கள், நேச்சுரல் ஷேட் என்பார்கள். வெயிலுக்கு அதுதான். பழைய தமிழ்ப் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு குட்டிப் பட்டியல் இருக்கும், தாள் 18.6 கிலோ மேப்லித்தோ, எழுத்து 11 புள்ளி, அளவு டெம்மி என்றெல்லாம். சின்ன வயதில் இதை யாருக்காகப் போடுகிறார்கள் என்று நினைப்பேன். கடற்கரைக்குப் புத்தகம் தேடுகிறவனுக்காகத்தான் போட்டிருக்கிறார்கள். எழுத்து 11 புள்ளிக்குக் குறைந்தால் எடுக்காதீர்கள், நாற்பதைத் தாண்டியவர் என்றால் 12. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறவர்கள், படிக்கிற கண்ணாடி தனியாக வேண்டுமே என்பதை வீட்டிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் அத்தான் இரண்டு நாளும் மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று இரண்டு கண்ணாடியோடு திரிந்தார்.

அப்புறம் காற்று. காலையில் சும்மா இருக்கும், வெயில் ஏறி நிலம் சூடானதும் மத்தியான வாக்கில் கடல்காற்று கிளம்பும், சாயங்காலம் வரை விடாது. பெரிய அளவில் மெல்லிய தாள் புத்தகம் என்றால் பாய்மரம் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு கையில் அடங்குகிற கிரவுன் அளவோ, மாத நாவல் அளவோ நல்லது, கட்டை விரல் ஒன்றே பக்கத்தை அழுத்திக்கொள்ளும். கூடவே இரண்டு கிளிப். கனமும் பாருங்கள், மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே பிடித்துப் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தூங்கிவிட்டால் எழுநூறு பக்கம் மூக்கில் விழும், சொந்த அனுபவம்.

கோந்து போட்டு ஒட்டிய புத்தகத்தைக் கார் டாஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மூடிய காருக்குள் வெயிலில் அந்தப் பசை இளகிப்போய் முதுகிலிருந்து பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். நூல் வைத்துத் தைத்த புத்தகம் இந்தத் தொல்லை தராது, மேலிருந்து முதுகுப் பக்கம் பார்த்தால் தாள்கள் கட்டுக் கட்டாக மடித்து வைத்தது தெரியும். அப்படித் தெரிந்தால் தையல் புத்தகமாகத்தான் இருக்கும்.

போனில் படிக்கலாமே என்கிறவர்களுக்கு: வெயிலில் திரை தெரியாது, வெளிச்சத்தைக் கூட்டினால் சூடாகி அதுவே குறைத்துக்கொள்ளும், நடுவில் அலுவலகத்திலிருந்து வாட்ஸப் வரும், கதை முடிந்தது. மின்நூல் கருவி வைத்திருந்தால் அது வேறு, அந்தத் திரை வெயில் ஏற ஏறத்தான் தெளிவாகத் தெரியும், தாள் மாதிரி. மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் 1998இலிருந்து பழந்தமிழ் நூல்களை இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களும் அங்கே நிறையக் கிடைப்பார்கள், கிளம்பும் முன் நான்கைந்தை ஏற்றிக்கொள்ளலாம். மணல் மட்டும் சார்ஜர் ஓட்டையில் போகாமல் ஜிப் கவரில் போட்டு, கவருக்கு வெளியே விரலை வைத்தே பக்கத்தைத் தள்ளுங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்பதையும் பொறுத்துப் புத்தகம் மாறும். புதுச்சேரியில் காந்தி சிலை இருக்கிற பீச் ரோடு பெரும்பாலும் கருங்கல் கரை, விரித்துப் படுக்கிற இடம் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள், ஊரே நடக்க வரும், அங்கே புத்தகத்தைப் பிரித்தால் கண் பக்கத்தில் இருக்காது. அங்கே விடியற்காலைதான் சரி, ஏழரை வரை, கவிதையோ ஒரு சிறுகதையோ. பாரடைஸ் பீச்சுக்கு நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் போக வேண்டும், நிழல் குறைவு, வரிசையில் நிற்கிற நேரமே அதிகம். அதற்குப் பைக்குள் மடங்குகிற மாத நாவல், வரிசையிலேயே பாதி முடிந்துவிடும். தந்திராயன்குப்பம் பக்கம் செரினிட்டி பீச்சில் அலைச்சறுக்கு விடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே பொழுது, சும்மா மடியில் வைத்துக்கொள்ள ஒரு புத்தகம் போதும், எதுவானாலும். உண்மையாகவே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால் கூட்டம் இல்லாத ஒரு வார நாளில், கரையோரம் சவுக்குத் தோப்பு இருக்கிற இடமாகப் பாருங்கள். கடல் கிழக்கே என்பதால் மூன்றரைக்கு மேல் மரத்தின் நிழல் கடலை நோக்கித்தான் நீளும், நீங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்தபடியே நிழலில் இருக்கலாம். மேற்குக் கடற்கரைக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது, சாயங்கால வெயில் அவர்களுக்கு நேரே முகத்தில்.

எத்தனை எடுப்பது? எல்லோரும் தப்பு செய்கிற இடம் இது. இரண்டு நாள் பயணம் என்றால் காலையில் ஒரு மணி நேரம், மதியம் அறையில் தூக்கம் போக ஒரு மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம், இதுவே தாராளமான கணக்கு. மணிக்கு முப்பது பக்கம் என்று வைத்தாலும் இரண்டு நாளைக்கு நூற்று அறுபத்தைந்தைத் தாண்டாது. அதனால் இருநூறு பக்கத்துக்குள் ஒன்று, அது கைவிட்டால் துணைக்கு மெல்லியதாக வேறு வகையில் ஒன்று. முதலாவது துப்பறியும் கதை என்றால் இரண்டாவது நகைச்சுவைக் கட்டுரையாகவோ பயணக் கதையாகவோ இருக்கட்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்று சலிக்கும்போது இன்னொன்றும் சேர்ந்து சலிக்கும். மூன்றாவது வேண்டாம். மூன்றாவது எடுத்தால் எதைப் படிப்பது என்று யோசிப்பதிலேயே ஒரு சாயங்காலம் போகும். நிஜமாகவே தீர்ந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் மாத நாவல் தொங்கும், ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிகளுக்கு நடுவே பழைய புத்தகமும் கண்ணில் படலாம்.

எடுக்கவே கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நூலகப் புத்தகம், கடன் வாங்கிய புத்தகம், எழுத்தாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகம், இந்த மூன்றும் மணலுக்கு ஆகாது. போட்டித் தேர்வு வழிகாட்டி கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், படிக்கவும் மாட்டார்கள், கடலையும் பார்க்க மாட்டார்கள். காலையில் ஐந்து மணிக்கு எழு, வாழ்க்கையில் வெற்றி பெறு என்கிற வகைப் புத்தகமும் வேண்டாம், விடுமுறையில் யாரும் நம்மைத் திருத்த வேண்டியதில்லை. பேய்க் கதை அவரவர் தைரியம். இரவில் ஜன்னலுக்கு வெளியே அலைச் சத்தத்தோடு படித்துவிட்டு அக்கா மகள் விளக்கை அணைக்கவே விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் புத்தகம். வாங்கி வைத்துப் பல வருடமாகப் படிக்காமல் இருக்கிறதே என்ற குற்ற உணர்ச்சியில் எடுத்துப் போகிற புத்தகத்தை நான் அப்படித்தான் சொல்வேன். கடனை அடைக்க யாரும் கடற்கரைக்குப் போவதில்லை.

பிள்ளைகள் கதை சுலபம், காமிக்ஸ். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது, இன்றும் அந்தப் பழைய கதைகளை மறுபதிப்பாகத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பிள்ளைக்கு என்று சொல்லி வாங்குங்கள், முதலில் படிக்கப்போவது அத்தான்தான். ஒன்றையே இரண்டு பேர் கேட்பார்கள் என்பதால் ஆளுக்கு ஒன்று.

கொண்டு போன பிறகு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன், முப்பது பக்கம். முப்பது பக்கம் படித்தும் அடுத்து என்ன என்ற ஆவல் வரவில்லை என்றால் மூடிவிட்டுத் துணைப் புத்தகத்தை எடுத்துவிடுவேன், எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் சரி. முப்பதைத் தாண்டியும் இழுத்தது என்றால் அதை யாரும் என் கையிலிருந்து பிடுங்க முடியாது, சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டேன்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய தினத்தாளில் அட்டை போட்டு விடுங்கள், மாங்காய் பத்தையின் மிளகாய்த்தூளும் தேங்காய் எண்ணெய் விரலும் அதோடு போகும். கையில் மணல் ஒட்டியிருந்தால் துடைக்கத் துடைக்கப் பரவும், கொஞ்சம் முகப் பவுடர் போட்டுத் தேய்த்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும், அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் காய வைக்காதீர்கள், பக்கம் அப்பளமாக வளைந்துவிடும். தாளுக்கு நடுவே செய்தித்தாளை வைத்து, மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்து, ஓரளவு காய்ந்ததும் மேலே கனமாக எதையாவது ஏற்றி வையுங்கள். கடல் தண்ணீரில் நனைந்தது என்றால் உப்பு உள்ளே இருந்துகொண்டே இருக்கும், மழைக்காலம் வரும்போதெல்லாம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். கனமாக ஏற்றி வைக்க என் வீட்டில் அந்த எழுநூறு பக்கத்தைத்தான் பயன்படுத்துகிறேன், அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

அடுத்த வாரம் அக்கா மறுபடியும் வருகிறாள், இந்தத் தடவை அறை எல்லாம் கிடையாது, தேவனாம்பட்டினம்தான், அம்மா ஜெயித்துவிட்டார். நானும் இத்தனை யோசித்து இரண்டு புத்தகம் எடுத்து மேசையில் வைத்திருந்தேன், ஒரு துப்பறியும் நாவல், ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுப்பு. நேற்று மதியம் பார்த்தால் துப்பறியும் நாவலைக் காணோம். அம்மா கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். எத்தனாவது பக்கம் என்று கேட்டேன், நாற்பத்தாறு என்றார், தலையைத் தூக்கவே இல்லை. வேறு ஒன்று தேட வேண்டும்.